பொருள் உடைந்து போய்ச் சேர்ந்தால்: சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

நவராத்திரி தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது மெல்பர்னிலிருந்து ஒரு செய்தி வந்தது. “தம்பி, தசாவதார செட்டுல நரசிம்மர் கழுத்து ஒடிஞ்சு வந்திருக்கு. கொலு வைக்கணுமே, என்ன பண்றது?” நான் உடனே பதில் போட்டேன்: “கூரியர்காரங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா.” தவறு அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. கூரியர் நிறுவனம் பதில் சொல்லப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது. அதற்குள் கொலு தொடங்கி மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு விற்பனைத் தளத்தில் புகார் பதிவு செய்தார். முழுப் பணமும் என் கணக்கிலிருந்து போனது. பெட்டியை அவர் குப்பையில் போட்டிருந்ததால் கூரியரும் கையை விரித்துவிட்டது.

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையிலிருந்து கொலு பொம்மையும் பித்தளை விளக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்திருப்பது ஒன்றுதான். வாங்கியவருக்கு நாம் தர வேண்டியது ஒரு கணக்கு. கூரியர் நமக்குத் தர வேண்டியது இன்னொரு கணக்கு. முதல் கணக்கை இரண்டாவது கணக்குக்காகக் காக்க வைத்தால் இரண்டுமே போய்விடும். கீழே உள்ள ஒவ்வொன்றையும் அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ, நேரே அங்கே போய்விடலாம்.

அறிகுறி: “உடைந்து வந்திருக்கிறது” என்று செய்தி மட்டும் வந்திருக்கிறது, படம் இல்லை, புகாரும் பதிவாகவில்லை

இதைவிட நல்ல நிலை உங்களுக்கு இனிமேல் கிடைக்காது. வாங்கியவர் இன்னும் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார், தளத்தோடு அல்ல. அன்றே பதில் போடுங்கள். நியூயார்க் நம்மைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டால் அவருக்கு ஒரு முழுப் பகல் பதிலில்லாமல் போகும்.

பதிலில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: வருத்தம், நான் சரிசெய்கிறேன் என்ற உறுதி, பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்ற வேண்டுகோள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

“அக்கா, இப்படி வந்து சேர்ந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன். இதை நான் சரிபண்ணித் தர்றேன், கவலைப்படாதீங்க. ஒரே ஒரு உதவி. பெட்டி, உள்ளே வச்சிருந்த காகிதம், பபுள் ரேப், உடைஞ்ச துண்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கீழே சொல்ற படங்களை மட்டும் இன்னைக்கே எடுத்து அனுப்ப முடியுமா?”

கேட்க வேண்டிய படங்கள் இவை. முகவரிச் சீட்டும் பார்கோடும் படிக்கும்படியாகப் பெட்டியின் முழுப்படம். பெட்டியின் ஆறு பக்கமும். நசுங்காத பக்கமும் வேண்டும், ஏனென்றால் கூரியர் முதலில் கேட்பதே அதைத்தான். நசுங்கல், கிழிசல், ஈரம் இருந்தால் அதற்குக் கிட்டத்திலிருந்து ஒன்று. திறந்தபோது உள்ளே பொருள் எப்படி இருந்தது என்பது ஒன்று. கடைசியாக உடைந்த இடம், பக்கத்தில் ஒரு விரலோ நாணயமோ வைத்து. ஏற்கெனவே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார் என்றால், எடுத்ததை அப்படியே மேசையில் பரப்பி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் உதவும்.

“அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது, என் பொறுப்பு சாங்கி விமான நிலையத்தோடு முடிந்தது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஈபே, எட்ஸி ஆகிய விற்பனைத் தளங்கள், பணம் செலுத்தும் பேபால் எல்லாமே வழியில் உடைந்த பொருளை விவரித்தபடி இல்லாத பொருளாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. நாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் அதே பக்கம்தான். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி, வணிகர் அனுப்பிவைக்கும் பொருள் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும் வரை அதன் அபாயம் விற்றவருடையது. வாதாடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

அறிகுறி: பெட்டி முழுசாக இருக்கிறது, உள்ளே பொருள் உடைந்திருக்கிறது

மனத்துக்கு மிகவும் கஷ்டமானது இதுதான். கூரியர் தரப்பில் வரும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: “போதாத பொதி,” அதாவது நாம் கட்டி அனுப்பிய விதம் போதாது என்று. பாதி நேரம் அவர்கள் சொல்வது சரி என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நரசிம்மர் கழுத்து எப்படி ஒடிந்தது என்று பிறகு நானே வீட்டில் செய்து பார்த்தேன். விரிசல் விட்ட ஒரு களிமண் பொம்மையை அதே மாதிரிச் சுற்றி, அதே அளவுப் பெட்டியில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி விட்டேன். பெட்டியின் மூலை லேசாக மழுங்கியது, அவ்வளவுதான். திறந்து பார்த்தால் பொம்மையின் கை போயிருந்தது. பபுள் ரேப் நான்கு சுற்று இருந்தது. ஆனால் சுற்றிய கை பெட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தது. இடியை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை. பெட்டி வாங்கிய அடி நேராகக் கைக்குப் போய்விட்டது.

இப்போது நான் செய்வது இது. பொம்மையின் கழுத்து, கை, ஆயுதம் போன்ற மெல்லிய இடங்களுக்கு முதலில் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி அண்டை கொடுக்கிறேன். பிறகு பபுள் ரேப். பிறகு ஒரு சிறு பெட்டி. அந்தச் சிறு பெட்டியை ஐந்து அடுக்கு (ப்ளை) அட்டையில் செய்த பெரிய பெட்டிக்குள், ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டு வைத்து, இடைவெளியை இறுக அடைக்கிறேன். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வந்தால் மறுபடி திறக்க வேண்டும்.

குத்துவிளக்கு அனுப்புபவர்களுக்கு ஒன்று. நாச்சியார்கோவில் விளக்குகளில் அடி, தண்டு, தட்டு, உச்சியில் இருக்கும் அன்னம் எல்லாம் மரை போட்டுத் திருகிச் சேர்ப்பவை. சேர்த்தபடியே அனுப்பினால் தண்டின் மரை வளைந்துவிடும். அப்புறம் விளக்கு நேராகவே நிற்காது. வாங்கியவருக்கு அதை ஏற்றி வைக்கவும் மனம் வராது. கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, திருகிச் சேர்க்கும் விதத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரட்டைப் பெட்டிக்கு விலை உண்டு, மறைக்கவில்லை. விரைவுக் கூரியர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எடைக்குக் கட்டணம் போடுகிறார்கள். 40 × 30 × 30 பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே இருக்கும் பொம்மை இரண்டரைக் கிலோ என்பது அங்கே எடுபடாது. அந்தக் கூடுதல் கட்டணத்தைப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிடுவதுதான் நேர்மை என்பது என் எண்ணம். பெட்டியில் மிச்சம் பிடித்து, உடைந்தபின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வாடிக்கையாளரின் பண்டிகையையும் கெடுப்பதில் யாருக்கு லாபம்?

சரி, பெட்டி ஏற்கெனவே போய்விட்டது, இப்போது என்ன செய்வது? “போதாத பொதி” என்ற பதிலுக்கு எதிராகக் காட்ட உங்களிடம் இருப்பது அனுப்புவதற்கு முன் எடுத்த படங்கள்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிமிடக் காணொளி எடுங்கள்: பொருளைச் சுற்றுவது, பெட்டியில் வைப்பது, அடைப்பது, ஒட்டுவது, முகவரிச் சீட்டு தெரிய முடிப்பது. ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். பேபாலில் 180 நாள் வரை புகார் திறக்கலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு அழிக்காதீர்கள்.

அறிகுறி: பெட்டியே நசுங்கி வந்திருக்கிறது, வாங்கியவர் ஒன்றும் குறிப்பிடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்

பதற வேண்டாம், ஆனால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். குறிப்பில்லாமல் வாங்கிக்கொண்டால், பெட்டி நல்ல நிலையில் சேர்ந்தது என்று கொள்வார்கள். அதை மாற்றப் படங்கள் வேண்டும், எழுத்தில் புகார் வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

விமானச் சரக்காகப் போகும் கூரியர் பொதிக்கு 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். சிங்கப்பூர் அதில் 2007இல் சேர்ந்தது. சரக்கு சேதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. பொதியைச் சரியில்லாமல் கட்டியது அனுப்பியவர் என்றால் விமான நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பிக்கவும் அதே ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. முன் பகுதியில் காணொளி பற்றி அவ்வளவு வலியுறுத்தியது அதனால்தான். உங்கள் கூரியரின் ஒப்பந்தத்தில் இருக்கும் நடைமுறையையும் படித்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவம், எந்த மின்னஞ்சல் என்பது அங்கேதான் இருக்கும்.

தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டுப் பண நிதியத்தின் கணக்கு அலகு. 1.8 கிலோ பொதி என்றால் 46.8 எஸ்டிஆர், அதாவது 80 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) சற்றுத் தாண்டும். உள்ளே 300 வெள்ளி விலையுள்ள விளக்கு இருந்தாலும் அவ்வளவுதான், அனுப்பும்போதே கூடுதல் மதிப்பைத் தனியாக அறிவித்து அதற்குக் கட்டணமோ காப்புறுதியோ கட்டியிருந்தால் ஒழிய. காப்புறுதி எடுக்கும் முன் விதிவிலக்குப் பட்டியலைப் பாருங்கள். கண்ணாடி, மண் பொருள், ஓவியம் ஆகியவற்றின் உடைசலுக்குப் பல காப்புறுதிகள் பொறுப்பேற்பதில்லை. தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு அனுப்புபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அஞ்சலில் போனதென்றால் வழி வேறு. மாண்ட்ரியல் அங்கே பொருந்தாது, உலக அஞ்சல் சங்கத்தின் விதிதான் பொருந்தும். அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்கலாம். ஆனால் ஆறு மாதம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. பொதியை ஒப்படைத்ததும் அஞ்சல்துறையின் பொறுப்பு முடிந்துவிடும். வாங்கியவர் சேதத்தைத் தாமதமில்லாமல் தன் ஊர் அஞ்சலகத்தில் சொல்லியிருந்தால்தான் அது நீடிக்கும். அதனால் அவரையே பெட்டியோடு பக்கத்து அஞ்சலகத்துக்குப் போய்ச் சேதத்தைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். “உங்க பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அதை நான் இன்னைக்கே பார்த்துக்கறேன்” என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலோர் செய்வார்கள். பதிவு இல்லாமல், காப்புறுதியும் இல்லாமல் போன சாதாரண அஞ்சலுக்கு இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. கூரியரை இடைத்தரகுத் தளம் ஒன்றின் மூலம் மலிவாகப் பதிவு செய்திருந்தால், ஒப்பந்தம் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும்தான். கூரியருக்கு நேரடியாக எழுதி நாட்களை வீணாக்காதீர்கள்.

அறிகுறி: விற்பனைத் தளத்தில் புகார் பதிவாகி, பணம் முடக்கப்பட்டிருக்கிறது

கெடு எது என்று முதலில் பாருங்கள். ஈபேயில் திருப்பி அனுப்பும் கோரிக்கை வந்தால் 3 வேலை நாளுக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் ஈபேயை உள்ளே அழைக்கலாம். எட்ஸியில் வாங்கியவர் முதலில் உங்களுக்கு எழுதி 48 மணி நேரம் காத்திருந்த பிறகுதான் வழக்குத் திறக்க முடியும். அந்த 48 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதன் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால், 250 அமெரிக்க டாலர் வரையிலான ஆர்டர்களில் சேதத்துக்கு எட்ஸியே தன் பணத்தைக் கொடுத்து உங்கள் வருமானத்தை விட்டுவைக்கவும் வாய்ப்பு உண்டு. பேபாலில் தகராறு திறந்த 20 நாளுக்குள் வாங்கியவர் அதைக் கோரிக்கையாக உயர்த்தவில்லை என்றால் தானாகவே மூடிவிடும். அதை நம்பி இழுத்தடிக்காதீர்கள். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு, பொருள் வரவே இல்லை என்ற புகாருக்கும் அனுமதியில்லாமல் பணம் போனது என்ற புகாருக்கும்தான். விவரித்தபடி இல்லை என்ற புகாருக்கு இல்லை. இது தெரியாமல், பொதி சேர்ந்ததற்கான சான்றை மட்டும் போட்டுவிட்டு ஜெயித்துவிடுவோம் என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புகார் பதிவான பிறகு பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் “சரி தம்பி, பாதிப் பணம் போதும்” என்று அவர் சொன்னது தளத்தின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பேசி முடித்ததையும் இங்கே ஒரு வரி எழுதி, அவரை ‘ஆமாம்’ என்று பதில் போடச் சொல்லுங்கள்.

அறிகுறி: வாங்கியவரின் வங்கி கார்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கிறது

விசா என்றால் காரணக் குறியீடு 13.3, மாஸ்டர்கார்டு என்றால் 4853 என்று வரும். பொதுவாக 120 நாள் வரை வாங்கியவருக்கு அவகாசம் உண்டு.

இங்கே செய்யக்கூடாத ஒன்று: பதறிப்போய்த் தனியாகப் பணத்தைத் திருப்பி அனுப்புவது. வங்கி ஏற்கெனவே உங்கள் கணக்கிலிருந்து எடுத்திருக்கும். நீங்களும் அனுப்பினால் இரண்டு முறை போகும். பொருள் உடைந்தது உண்மைதான், கொடுக்க வேண்டியதுதான் என்று தெரிந்தால், அந்தக் கோரிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். எதிர்த்து எழுதுவதாக இருந்தால், மாற்றுப் பொருள் அனுப்பியதற்கான சான்றோ, பணம் ஏற்கெனவே கொடுத்ததற்கான சான்றோ இருக்க வேண்டும். “நான் நன்றாகத்தான் பொதிந்தேன்” என்பது வங்கிக்குப் பதில் ஆகாது; அது கூரியருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

அறிகுறி: “நீங்கள் அறிவித்த மதிப்பு 10 டாலர்தானே” என்று கூரியர் சொல்கிறது

சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்றும் 10 டாலர் என்றும் எழுதியிருப்பீர்கள். வாங்கியவரே அப்படி எழுதச் சொல்லியும் இருப்பார். இதற்கு மருந்து இல்லை. 180 வெள்ளி விலையுள்ள விளக்குக்கு 10 டாலர்தான் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். பொய்யாக அறிவிப்பது குற்றமும்கூட. அடுத்த முறை யார் கேட்டாலும் “மன்னிச்சிடுங்க, விற்ற விலையைத்தான் எழுதுவேன்; உடைஞ்சா உங்களுக்கும் எனக்கும் அதுதான் பாதுகாப்பு” என்று சொல்லிவிடுங்கள். அஞ்சலில் 300 எஸ்டிஆருக்கு மேல் மதிப்பு என்றால் சிறிய சிஎன்22 சுங்கச் சீட்டு போதாது, சிஎன்23 சுங்கப் படிவம் வேண்டும்.

அறிகுறி: செட்டில் ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது

பத்துப் பொம்மையில் ஒன்று என்றால் பத்தில் ஒரு பங்குப் பணம் என்று கணக்குப் போடாதீர்கள். நரசிம்மர் இல்லாத தசாவதாரத்தைப் படியில் வைக்க முடியாது. கணக்கு கேட்கும் முன் தேதியைக் கேளுங்கள்: “எப்ப வேணும்?” பண்டிகைக்குள் போய்ச் சேரும் என்றால் மாற்றுப் பொம்மையை விரைவுக் கூரியரில் அனுப்புங்கள். சேராது என்றால் நியாயமான தொகையைத் திருப்பித் தர முன்வாருங்கள், எவ்வளவு என்பதை அவரையே சொல்ல விடுங்கள். நான் கேட்டுப் பார்த்தவரை, நான் மனத்தில் வைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள்.

இதற்காகவே செட் பொம்மைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபரி எடுத்து வைக்கிறேன். களிமண்ணைவிடக் காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, அடியும் தாங்கும். தூர நாட்டுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

அமெரிக்காவுக்கு மாற்றுப் பொருள் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். 800 டாலர் வரை தீர்வை இல்லை என்றிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. மாற்றுப் பொருளுக்கும் தீர்வை விழலாம். அதை யார் கட்டுவது என்று அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள். உடைந்தது நம் பக்கம் என்பதால் நான் கட்டுகிறேன்.

அறிகுறி: படத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது

உடைந்த இடம் பழசாகத் தெரிகிறது, அல்லது படத்தில் இருப்பது நீங்கள் அனுப்பிய பொம்மையே இல்லை. இப்படி நடப்பதும் உண்டு, ஆனால் குறைவு. குற்றம் சாட்டி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். ஆர்டர் எண்ணை ஒரு தாளில் எழுதி, உடைந்த பொருளுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் கேளுங்கள்; “கூரியருக்குத் தேவைப்படுது” என்றால் போதும், அது உண்மையும்தான். நான் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் சிறிய எண் ஒன்று எழுதி, அனுப்பும் முன் அதையும் படம் எடுத்துவிடுகிறேன். அடிப்பாகத்தின் படம் வந்ததும் சந்தேகம் தெளிந்துவிடும். இரண்டு முறை நான் சந்தேகப்பட்டது தவறு என்று தெரிந்ததும் அந்த எண்ணால்தான்.

அறிகுறி: உடையவில்லை, ஆனால் விளக்கு கறுத்து, பெட்டி நமுத்துப் போயிருக்கிறது

நம் ஊர்க் காற்றின் ஈரம். ஈரம் ஏறிய அட்டை பலத்தை இழக்கும், மேலே சுமை ஏறினால் நசுங்கிவிடும். பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் அலமாரியில் வையுங்கள். பித்தளையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் சிலிகா ஜெல்லோடு போடுங்கள். கறுத்ததைப் புளியோ எலுமிச்சையோ வைத்துத் தேய்த்தால் போய்விடும் என்று வாங்கியவருக்குச் சொல்லுங்கள். அதோடு நிற்காமல், திருப்தி இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் கூரியர் தர மறுக்கிறது

அவர்களுடைய விதியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: காணொளி, வாங்கியவரின் படங்கள், விற்பனை ரசீது, பணம் திருப்பிக் கொடுத்ததற்கான சான்று, நான்கும் ஒரே மின்னஞ்சலில். மறுபடி மறுத்தால், சிங்கப்பூரில் இருக்கும் நிறுவனம் அல்லது இடைத்தரகர் மீது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் இணையத்திலேயே, வழக்கறிஞர் கிடையாது. பதிவாளர் முன்னிலையில் சமரசப் பேச்சு முதலில் நடக்கும். போவதற்கு முன் ஒப்பந்தத்தில் இருக்கும் பொறுப்பு வரம்பைப் பார்த்துவிடுங்கள். 80 வெள்ளிதான் உச்சம் என்றால் 300 கேட்டு ஒரு நாள் விடுப்பு எடுப்பதில் பயனில்லை. ஆனால் அந்த 80 வெள்ளியைக்கூடத் தராமல் பதிலே போடாதிருக்கும் நிறுவனத்திடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு சரக்கு முகவர் எனக்குத் தர வேண்டிய 76 வெள்ளி நான்கு மாதமாக வரவில்லை. மன்றத்தில் பதிவு செய்யப் போகிறேன் என்று தேதி குறிப்பிட்டு எழுதிய ஆறாவது நாள் அது வங்கியில் ஏறியிருந்தது.